நான்கு இருக்கைகள்: தொலைக்காட்சி மாணவர் வினாடி வினாக் குழுக்களில் பெண்கள் – ஒரு வரலாற்று நோக்கு

தொலைக்காட்சியில் நடைபெறும் மாணவர் வினாடி வினாவைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்கு என்று கருதி ஒதுக்கிவிடுவர். எனினும் ஒரு கல்வி நிறுவனம் தன் அறிவின் முகமாக யாரை உலகிற்குக் காட்ட விரும்புகிறது என்பதை இத்தனை வெளிப்படையாக உணர்த்தும் ஆவணம் வேறொன்று கிடைப்பது அரிது. பட்டமளிப்பு விழாவில் தேறியவர் அனைவரும் மேடையேறுவர். வினாடி வினா மேடையிலோ நால்வருக்கு மட்டுமே இடம் உண்டு. அந்நால்வரைத் தெரிந்தெடுத்தவர் யார், எந்த அறையில், எத்தகைய தேர்வின் வழியே தெரிந்தெடுத்தனர் என்பது ஒளிபரப்பில் வருவதில்லை. பார்வையாளர் காண்பது முடிந்துபோன ஒரு தெரிவின் விளைவையே.

இக்குழுக்களில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் மிகப் பழையது, பெண்களுக்குப் பொது அறிவில் நாட்டமில்லை என்பது. இக்காரணம் வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துவதில்லை என்பதும், பெண்கள் இடம்பெறுவதும் விடுபடுவதும் குழுவைத் தெரிந்தெடுக்கும் முறையாலேயே பெரிதும் தீர்மானிக்கப்பட்டன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. சான்றுகள் செறிவாக உள்ளவை அமெரிக்க, பிரிட்டானிய நிகழ்ச்சிகள் ஆதலின் அவை முதலில் ஆராயப்படுகின்றன. பின்னர் இந்தியாவும் தமிழ்நாடும் நோக்கப்படுகின்றன. இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் சுவிஸ் பள்ளியிலும் தமிழ்ப் பள்ளியிலும் ஒருங்கே பயிலும் இத்தகைய நகரங்களில், போட்டிக் குழுக்களை அமைக்கும் பொறுப்பு இப்போது தமிழாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வந்து சேர்ந்துள்ளது. அவர்கள் எந்த மரபைத் தொடரப்போகின்றனர் என்பது பழங்கதையன்று.

அக்னஸ் ஸ்காட் கல்லூரியும் பிரின்ஸ்டனும்

மாணவர் குழுக்கள் மோதும் ஒளிபரப்பு வினாடி வினாவின் மூலவடிவம் அமெரிக்காவின் 'காலேஜ் பௌல்'. 1953இல் வானொலியில் தொடங்கிய இந்நிகழ்ச்சி 1959இல் தொலைக்காட்சிக்கு வந்து 1970 வரை நீடித்தது. அக்காலத்து அமெரிக்காவில் ஆடவர் மட்டும் பயின்ற பல்கலைக்கழகங்களும் மகளிர் மட்டும் பயின்ற கல்லூரிகளும் பல இருந்தன. ஆகவே ஒரு மகளிர் கல்லூரி அழைக்கப்பட்டால் மேடையின் ஒரு பாதி முழுவதும் பெண்களாகவே இருக்கும்.

1966 மார்ச் மாதத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகேட்டர் ஊரிலுள்ள அக்னஸ் ஸ்காட் மகளிர் கல்லூரியின் குழு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவைச் சந்தித்தது. பிரின்ஸ்டன் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1969இல்தான். எனவே அன்று எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்த நால்வரும் ஆண்கள். ஆட்டம் இறுதி நொடிகள் வரை இழுபறியாக நடந்து, 220க்கு 215 என்ற புள்ளிக்கணக்கில் அக்னஸ் ஸ்காட் வென்றது. வென்ற நால்வருள் ஒருவர் பார்வையற்ற மாணவி. அமெரிக்க வினாடி வினா வரலாற்றின் எதிர்பாராத வெற்றிகளுள் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

எதிர்பாராத வெற்றி என்று சொல்வதிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. தென்மாநிலத்துச் சிறிய கல்லூரி ஒன்று புகழ்பெற்ற வடபுலப் பல்கலைக்கழகத்தை வென்றது என்ற வியப்போடு, பெண்கள் ஆண்களை வென்றனர் என்ற வியப்பும் அதனுள் கலந்துள்ளது. ஆனால் இங்குக் கவனிக்க வேண்டியது வெற்றியைவிட வருகையை. அந்த நான்கு மாணவியர் மேடைக்கு வரத் தம் கல்லூரியின் ஆண்களோடு போட்டியிட வேண்டியிருக்கவில்லை. கல்லூரிக்கு அழைப்பு வந்தவுடன் நான்கு இருக்கைகளும் பெண்களுக்கு உரியனவாயின. அதன் பின்னர் அவர்கள் தம் திறனைக் காட்டினர்.

மாஞ்செஸ்டரின் முறையீடும் மகளிர் கல்லூரிகளும்

'காலேஜ் பௌல்' வடிவத்தைத் தழுவி 1962 செப்டம்பரில் கிரானடா நிறுவனம் பிரிட்டனில் 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1987 வரை பாம்பர் காஸ்கோய்ன் நடத்தினார். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 1994இல் பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன் பொறுப்பேற்றார்; 2023 முதல், கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன் நடத்திவருகிறார். அறுபது ஆண்டுகளாக வினாக் கேட்கும் இருக்கையில் தொடர்ந்து அமர்ந்த மூவரும் ஆண்கள் என்பதை இங்குக் குறித்துக்கொண்டு மேற்செல்லலாம்.

இந்நிகழ்ச்சியில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனிக் குழுவை அனுப்பலாம். பிற பல்கலைக்கழகங்களுள் பெரும்பாலானவை எத்தனை பெரியனவாயினும் ஒரு குழுவையே அனுப்ப முடியும். இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டித்து 1975இல் மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு, கேட்ட வினாக்களுக்கெல்லாம் மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா என்று மாற்றி மாற்றி விடை கூறிய நிகழ்வு புகழ்பெற்றது. முறையீடு நியாயமானதே. ஆயினும் அதே ஏற்றத்தாழ்வு, யாரும் எண்ணிச் செய்யாத ஒரு நன்மையையும் கொண்டிருந்தது. ஆக்ஸ்போர்டின் சாமர்வில், லேடி மார்கரெட் ஹால், செயின்ட் ஆன்ஸ், செயின்ட் ஹியூஸ், செயின்ட் ஹில்டாஸ் ஆகிய ஐந்தும், கேம்பிரிட்ஜின் கர்ட்டன், நியூன்ஹாம், நியூ ஹால் ஆகிய மூன்றும் அன்று மகளிர் கல்லூரிகள். கல்லூரிக்கு ஒரு குழு என்ற விதி இருந்தமையால் இவற்றுள் எது பங்கேற்றாலும் அதன் நான்கு இருக்கைகளும் பெண்களுடையவை. பல்கலைக்கழகத்திற்கு ஒரு குழு என்று விதித்திருந்தால், ஆண்கள் மிகுந்திருந்த அக்கால ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு பெண்ணேனும் மேடையேறியிருப்பாரா என்பது ஐயமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல்தான் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வையத்தின் அடிப்படை விளங்கும்.

பின்னர்க் கலப்புக் கல்வி வந்தது. கேம்பிரிட்ஜில் 1972இலும் ஆக்ஸ்போர்டில் 1974இலும் ஆடவர் கல்லூரிகளுட் சில பெண்களுக்குக் கதவைத் திறந்தன. ஆக்ஸ்போர்டின் ஓரியல் 1985இலும் கேம்பிரிட்ஜின் மாக்டலின் 1988இலும் இறுதியாக இணங்கின. மறுதலையாக மகளிர் கல்லூரிகளும் ஆண்களைச் சேர்த்தன: கர்ட்டன் 1979இல், சாமர்வில் 1994இல், செயின்ட் ஹில்டாஸ் 2008இல். பெண் கல்வி வரலாற்றில் இது பெரும் முன்னேற்றம். வினாடி வினாக் குழுவைப் பொறுத்தவரை இதன் விளைவு அத்துணை நேரானதாக அமையவில்லை. முன்னர்ப் பெண்கள் கல்லூரியின் இருக்கைகள் தாமாகவே பெண்களுக்குரியனவாக இருந்தன. இப்போது எல்லா இருக்கைகளும் தெரிவுக்குரியனவாயின. தெரிவு என்று வந்தவுடன் முன்னரே வினாடி வினாக் கழகங்களில் கூடிப் பழகியவர் யார், தேர்வு நாளை அறிந்தவர் யார், பெயர் கொடுக்குமாறு நண்பரால் தூண்டப்பட்டவர் யார் என்பன முந்தி நின்றன. கலப்புக் கல்லூரியானபின் 2002இல் சாமர்வில் கோப்பையை வென்றபோது, அக்குழுவில் பின்னாளில் பன்னாட்டு வினாடி வினா அரங்கில் பெயர்பெற்ற டோர்யானா ஷிரோலா இருந்தார். அத்தகைய பெண்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. எத்தனை பேர் தேர்வு அறைக்கே வரவில்லை என்பதுதான் வினா.

இதனை ஓர் எளிய கணக்கால் தெளிவாக்கலாம். மாணவரில் சரிபாதியினர் பெண்களாக உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நால்வரைக் குலுக்கல் முறையில் எடுத்தால், நால்வரும் ஆண்களாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. இந்நிகழ்ச்சியின் ஒரு தொடரில் 28 குழுக்கள் பங்கேற்கின்றன. ஆகவே தற்செயல் ஒன்றே காரணமாயின் ஒரு தொடருக்கு முழு ஆடவர் குழுக்கள் ஒன்றோ இரண்டோதான் எதிர்பார்க்கத்தக்கவை. 1990களின் நடுப்பகுதியிலிருந்தே பிரிட்டானியப் பல்கலைக்கழக மாணவரில் பெண்கள் பாதிக்கு மேற்பட்டோர். அவ்வாறிருந்தும் 2017 ஏப்ரலில் பேலியல் கல்லூரியும் உல்ஃப்சன் கல்லூரியும் மோதிய இறுதிப் போட்டியில் மேடையிலிருந்த எண்மரும் ஆண்கள். குலுக்கலில் இவ்வாறு நிகழும் வாய்ப்பு 256இல் ஒன்று. திறமையால் தேர்ந்தெடுப்பது குலுக்கலன்று என்று மறுமொழி கூறலாம். அவ்வாறாயின் திறமை எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்கவேண்டியதாகிறது.

பொத்தானை அழுத்தும் துணிவு

அளக்கும் கருவியின் இயல்பு இங்கு முக்கியம். 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' விதிப்படி தொடக்க வினாவுக்கு 10 புள்ளிகள். அதை வென்ற குழுவுக்குத் தலா 5 புள்ளிகள் கொண்ட மூன்று தொடர்வினாக்கள். வினா முடியுமுன் இடைமறித்துத் தவறான விடை கூறினால் 5 புள்ளிகள் குறையும். ஆகவே விடை தெரிந்திருப்பது மட்டும் போதாது. முழுவதும் தெரியாதபோதே பொத்தானை அழுத்தும் துணிவு வேண்டும்.

பொருளியலாளர் காத்தரீன் பால்டிகா 2014இல் 'மேனேஜ்மென்ட் சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துணிவைத் தனியே பிரித்து அளந்தது. தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படும் தேர்வில், அதே அளவு அறிவுள்ள ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியான வினாக்களை விடையளிக்காது விட்டனர். தண்டனைப் புள்ளி நீக்கப்பட்டபோது அவ்வேறுபாடு மறைந்தது. அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வு 2016இல் தண்டனைப் புள்ளியைக் கைவிட்டது. தண்டனைப் புள்ளியுள்ள தாளால் குழுவைத் தெரிந்தெடுக்கும் கழகம், அறிவை அளப்பதாக எண்ணிக்கொண்டு அறிவோடு சேர்த்துத் துணிச்சலையும் அளக்கிறது. மேடையில் துணிச்சல் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது பயிற்சியால் வருவது. பயிற்சிக்குச் சேர்க்குமுன்பே அதனை எதிர்பார்ப்பது, நீந்தத் தெரிந்தவரை மட்டுமே குளத்தில் இறங்கவிடுவது போன்றது.

வேற்றுருவும் தன்னுருவும்

தெரிவைக் கடந்து மேடையேறிய பெண்ணுக்கு மற்றொரு தடை காத்திருந்தது. 2009ஆம் ஆண்டுத் தொடரில் ஆக்ஸ்போர்டு கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிக் குழுவின் தலைவராக விளங்கியவர் கெயில் டிரிம்பிள். இலத்தீன் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர். அத்தொடரில் அவருடைய குழு பெற்ற 1,235 புள்ளிகளுள் 825 புள்ளிகள் அவருடையவை, அதாவது மூன்றில் இரு பங்கு. இறுதிப் போட்டியில் மாஞ்செஸ்டரை 275க்கு 190 என வென்றனர். குழுவின் மற்றோர் உறுப்பினர் தொடர் முடியுமுன் மாணவராக இல்லாமற் போனமை பின்னர்த் தெரியவந்ததால், சில நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டு மாஞ்செஸ்டருக்கு வழங்கப்பட்டது.

பட்டம் பறிபோனதைவிட, அவ்வாரங்களில் டிரிம்பிளைப் பற்றி நடந்த பேச்சே வரலாற்றுக்கு உரியது. அவர் கூறிய விடைகளைவிட அவருடைய தோற்றமும் புன்னகையும் குரலும் மிகுதியாக விவாதிக்கப்பட்டன. தன்னம்பிக்கை செருக்காக வாசிக்கப்பட்டது. ஆடவர் இதழ் ஒன்று அவரைப் படத்திற்கு நிற்குமாறு அழைத்தது. 2016இல் பீட்டர்ஹவுஸ் கல்லூரிக் குழுவைத் தலைமை தாங்கிக் கோப்பைக்கு இட்டுச் சென்ற ஹன்னா ரோஸ் வுட்ஸ், பெண் போட்டியாளர்கள் எதிர்கொள்ளும் இத்தகைய விமர்சனங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதே மேடையில் விந்தையான முகபாவத்தோடு விடையளித்த ஆண்களும் நகைப்புக்கு ஆளாயினர். எனினும் அந்நகைப்பு விரைவில் செல்லப்பெயராகவும் இரசிகர் கூட்டமாகவும் மாறிவிடுவதைக் காணலாம். பெண்ணின் மீது விழுந்த பார்வை அவ்வாறு கனிவதில்லை.

அறிவரங்கில் நிற்கும் பெண்ணின் உடலைக் குறித்த இவ்வச்சத்தைத் தமிழ் மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலா தெய்வம் தலைவிக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தை அளிக்கிறது. அதற்குத் தெய்வம் கூறும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: இளம்பெண் என்று கருதிச் சமயவாதிகள் தம் கொள்கையின் உட்பொருளை அவளுக்கு உரைக்கமாட்டார். அவ்வாறே வஞ்சி நகரில் அவள் மாதவன் வடிவு கொண்டே சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் வினவி அவர்தம் கொள்கையைக் கேட்கிறாள். அறியும் ஆற்றல் அவளிடம் குறைவுபட்டிருந்ததாகக் காப்பியம் ஓரிடத்தும் கூறவில்லை. கேட்போரின் தடையையே அது சுட்டுகிறது. அத்தடைக்கு உருவ மாற்றத்தைத் தீர்வாகக் காட்டுகிறது. தன்னுருவில் அவள் அறம் கேட்பது காஞ்சியில், அவளை முன்னரே அறிந்த அறவண அடிகளிடம்.

வாதுக்கு எழும் பெண்களைப் பாடிய பிற காப்பியங்களையும் இங்கு நினைக்கலாம். நீலகேசி பல்சமய ஆசிரியரை வரிசையாக வெல்கிறாள். ஆனால் அவள் பழையனூரின் பேயாயிருந்து முனிவரால் அறம் உணர்ந்தவள். அவளால் வெல்லப்படுவோருள் ஒருத்தியான குண்டலகேசியோ, தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டுத் துறவு பூண்டவளாகக் கதை கூறும். மரபு பெண் வாதியை மறுக்கவில்லை. அவளை இல்லத்திலிருந்தும் இயல்பு வாழ்விலிருந்தும் வெகுதூரம் விலக்கிய பின்னரே அரங்கில் நிறுத்தியது. மேலும் இவர்கள் எல்லாரும் தனித்து நிற்பவர். தோழியரோடு கூடிக் கலந்தாய்ந்து விடை கூறும் பெண்களின் குழு இக்காப்பியங்களில் இல்லை. இன்றைய வினாடி வினாவில் ஆண்கள் மூவர்க்கிடையே ஒரு பெண் அமர்த்தப்படும்போது, அவள் பெயரளவில் குழுவினள். பார்வையாளர்க்கு அவள் இன்னும் தனித்து நிற்பவளே.

இந்திய அரங்கு

இந்தியாவில் பொது வினாடி வினாவின் தொடக்கம் 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டியோடு இணைத்துக் கூறப்படும். பள்ளிகளுக்கான போர்ன்விட்டா வினாடி வினா 1972இல் வானொலியில் தொடங்கி 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது. கல்லூரிக் குழுக்களை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது, 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்'. பள்ளி நிகழ்ச்சிக்கும் கல்லூரி நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இந்தியப் பெருநகரங்களில் பெண்கள் பள்ளிகள் மிகுதி. பெண்கள் பள்ளி ஒன்று பங்கேற்றால் அதன் குழு பெண்கள் குழுவே. அக்னஸ் ஸ்காட்டுக்குக் கிட்டிய அதே வாய்ப்பு. கல்லூரி அளவில் வினாடி வினாப் பண்பாடு பொறியியல் கல்லூரிகளைச் சார்ந்தே பெரிதும் வளர்ந்தது. சென்னையில் ஐஐடியின் சாரங் விழா போன்ற அரங்குகள் அதன் நாற்றங்கால்கள்.

ஐஐடி இளநிலை வகுப்புகளில் பெண்களின் பங்கு 2016 அளவில் ஏறத்தாழ 8 விழுக்காடு. முன்னர்ச் செய்த கணக்கையே இங்கும் செய்தால், குலுக்கலில் எடுத்த நால்வரும் ஆண்களாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 72. அதாவது இங்கு ஆடவர் குழு விதிவிலக்கன்று, எதிர்பார்க்கத்தக்கதே. 2018 முதல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி அவர்தம் பங்கை 20 விழுக்காட்டுக்கு உயர்த்தும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த 20 விழுக்காட்டில் இவ்வாய்ப்பு நூற்றுக்கு 41 ஆகக் குறையும். பிரிட்டனில் தடை தேர்வு அறையின் வாயிலில் இருந்தது; ஐஐடியில் அது நுழைவுத் தேர்வுக்கும் முன்னரே, பயிற்சி நிலையத்திற்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டின் முடிவில் இருந்தது. ஒன்றற்கு ஏற்ற மருந்து மற்றதற்குப் பொருந்தாது.

தமிழகத்தின் மகளிர் கல்லூரிகள் இவ்வகையில் வரலாற்றாசிரியரின் கவனத்திற்கு மேலும் உரியன. சென்னை இராணி மேரி கல்லூரி 1914இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் மதுரை லேடி டோக் கல்லூரி 1948இலும் தோன்றின. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இலேயே பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கிவிட்டது. பேச்சு, கட்டுரை, நாடகம் ஆகிய அரங்குகளில் பெண்கள் தலைமை ஏற்றுப் பழகியது இத்தகைய நிறுவனங்களில்தான். கலப்புக் கல்லூரியில் மாணவர் மன்றச் செயலாளராக ஒரு பெண் வருவது செய்தியாகும். மகளிர் கல்லூரியில் அது அன்றாடம்.

தமிழ்த் தொலைக்காட்சியின் பெரும் வினா நிகழ்ச்சிகள் மாணவர் குழுக்களைவிடத் தனியாட்களையே நாடின. 2000இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' அதற்கு முன்னோடி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி' வினவுபவரும் விடையளிப்பவரும் பெண்களே என்ற அமைப்போடு வந்தது. அதில் 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மதுரைப் பெண் ஒருவர் 1 கோடி ரூபாய் வென்றார். ஒரே குரலில் விரைந்து கேட்கப்படும் வினா, விரைந்து கூறப்படும் விடை என்பதே இவ்வகை நிகழ்ச்சியின் இலக்கணம் என்று எண்ணியிருந்தோர்க்கு அவ்வெற்றி ஒரு திருத்தம். இதுவும் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட அரங்கில் நிகழ்ந்தது என்பது தற்செயலன்று.

வினாக்களின் உள்ளடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் 2010களின் பிற்பகுதியில் வினாக்கள் பெரும்பாலும் ஆண்களின் சாதனைகளையே சுற்றி வருவதாகக் குறை எழுந்து, தயாரிப்பாளர்கள் அதனைக் கருத்திற்கொண்டனர். தமிழ் வினாடி வினாக்களிலும் இக்குறை உண்டு. சங்கப் புலவர் 473 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பெண்பாற் புலவராக ஆய்வாளர் கணக்கிடுவர். எண்ணிக்கை ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடும். வினாத்தாள்களிலோ ஔவையாரைத் தாண்டி வெண்ணிக் குயத்தியாரோ வெள்ளிவீதியாரோ ஒக்கூர் மாசாத்தியாரோ வருவது அரிது.

வின்டர்தூர்

வின்டர்தூர் சூரிச் மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரம். 1874இல் தொடங்கிய அதன் தொழில்நுட்பக் கல்லூரி, இன்று அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேர். சுவிஸ் ஜெர்மன் தொலைக்காட்சியின் வினா நிகழ்ச்சிகளோடும் இந்நகருக்கு உறவுண்டு. 1980களில் 'டெல்-ஸ்டார்' என்ற வினா நிகழ்ச்சியால் வீடுதோறும் அறியப்பட்ட பெர்னார்ட் துர்ன்ஹேர் 1949இல் இங்குப் பிறந்தவர்.

பெண்களின் பொதுவாழ்வைப் பொறுத்தவரை இம்மண்ணின் காலக்கணக்கு தமிழர்க்கு வியப்பளிப்பது. 1959இல் சுவிஸ் ஆண்கள் வாக்களித்துப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றனர். 'யூனிவர்சிட்டி சேலஞ்ச்' தொடங்கிய 1962இல் வின்டர்தூரின் பெண்ணொருத்தி நகரவைக்குக்கூட வாக்களிக்க இயலாது. சூரிச் மாநிலத்தில் 1970 நவம்பரிலும் கூட்டாட்சி அளவில் 1971 பிப்ரவரியிலும்தான் அவ்வுரிமை கிட்டியது. ஒப்பிட்டால், சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி துணைத்தலைவராக அமர்ந்தது 1927இல். 1983க்குப் பின் இந்நாட்டில் அடைக்கலம் தேடிவந்த ஈழத்தமிழர், பெண்கள் வாக்களிக்கத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன சமூகத்தில் வந்து இறங்கினர். தமிழ்ச் சமூகமே பெண்களைப் பின்னிறுத்தியது, ஐரோப்பா அவர்களை விடுவித்தது என்று புலம்பெயர் மேடைகளில் கூறப்படும் எளிய கதைக்கு இவ்வாண்டுகள் இடந்தரவில்லை.

இன்று நிலை வேறு. சுவிஸ் மேனிலைப் பள்ளிகளில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் பெண்களே பெரும்பான்மையர். ஆனால் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கினர். மூன்றில் ஒரு பங்கிலிருந்து குலுக்கி எடுத்த நால்வரும் ஆண்களாக அமையும் வாய்ப்பு 81இல் 16, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வின்டர்தூரில் வளரும் தமிழ்ப்பெண் ஒருத்தி பதினெட்டு வயதுவரை தன் வகுப்பில் பெரும்பான்மையினள். துறையைத் தேர்ந்தவுடன் சிறுபான்மையினளாகக்கூடும்.

இவ்விடத்தில்தான் தமிழ்ப் பள்ளிகளின் பங்கு தோன்றுகிறது. தமிழ்க் கல்விச் சேவை சுவிற்சர்லாந்து போன்ற அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் தாய்மொழி பயில்கின்றனர். இத்தகைய அமைப்பு எழுத்துத் தேர்வு நடத்தும்போது ஒவ்வொரு பிள்ளையும் எழுதுகிறது. யாரையும் எவரும் தெரிந்தெடுப்பதில்லை. குழுப் போட்டி வரும்போதே தெரிவு நுழைகிறது. இவ்விரண்டிற்கும் இடையேயான அந்தச் சிறிய இடைவெளியில்தான் அறுபதாண்டு வரலாறும் காட்டும் சரிவு நிகழக்கூடும். குழுவில் இத்தனை பெண்கள் என்று எண்ணிக்கை விதிப்பது மூவரிடையே ஒருத்தியை அமர்த்தும் பழைய காட்சியையே மீண்டும் தரலாம். அதனினும் பயனுடையது தெரிவின் வாயிலைத் திருத்துவது: பெயர் கொடுத்தவரை மட்டும் அழைக்காது வகுப்பில் உள்ள அனைவரையும் முதற்சுற்று எழுதச் செய்தல், அச்சுற்றில் தண்டனைப் புள்ளியை விடுத்தல், பொத்தான் பயிற்சியைத் தெரிவுக்குப் பின் வைத்தல்.

இதற்குத் துணையாக ஓர் ஆவணப் பணியும் உண்டு. வென்ற குழுவின் நிழற்படமும் பெயர்களும் ஆண்டு மலரில் அச்சாகி நிலைத்துவிடும். முதற்சுற்றுக்கு வந்தோர் பட்டியலும் அவர்கள் எழுதிய தாள்களும் அவ்வாறு நிலைப்பதற்கு யாரேனும் எண்ணிச் செயற்பட வேண்டும். நால்வராக வந்தவரை ஒளிபரப்பு காட்டும். நாற்பதின்மராக வந்து நால்வராகக் குறைந்தபோது யார் விடுபட்டனர் என்பதை அறிய அந்தத் தாள்களே சான்று. வின்டர்தூரிலும் பிற சுவிஸ் நகரங்களிலும் தமிழ்ப் பள்ளிகள் அவற்றைப் பால், வயது, வகுப்பு ஆகியவற்றோடு பேணி நூலகத்தில் ஒப்படைத்தால், பிரிட்டானிய நிகழ்ச்சியைப் பற்றி இன்று ஊகித்தே கூறவேண்டியிருப்பதைத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி எண்ணிச் சொல்ல இயலும்.